அடம்பிடிக்கும் சைடு மிரர்... மாற்றும் முன் ஒரு நிமிடம்!

விடியற்காலை ஐந்து மணி. குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புகிறது ஒரு குடும்பம். டிக்கியில் பைகள் ஏறிவிட்டன. பின்சீட்டில் பாட்டியும் பேத்தியும். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்த அப்பா, பழக்கப்படி இடது சைடு மிரரைப் பார்க்கிறார். அதில் சாலை தெரியவில்லை. தெருக்கோடி வீட்டு மொட்டைமாடியின் தண்ணீர் டேங்க் தெரிகிறது. முந்தின நாள் கார் கழுவித் துடைத்தபோது கண்ணாடி மேல்நோக்கித் திரும்பியிருக்கிறது.

ஸ்விட்சை அழுத்துகிறார். கண்ணாடி இடம் வலமாக நகர்கிறது. மேலும் கீழுமாக மட்டும் அசைய மறுக்கிறது. ``நேரமாச்சு... கையால தள்ளி விடுறேன், போற வழியில பார்த்துக்கலாம்'' என்று மனைவி ஜன்னல் வழியே கைநீட்டிக் கண்ணாடியை ஓரளவுக்குச் சரிசெய்கிறார். வண்டி கிளம்புகிறது.

ஊர் எல்லை தாண்டி, டீ குடிக்க இடப்பக்கம் ஒதுங்கும்போது, ``ஏங்க... நிறுத்துங்க!'' என்று அலறுகிறார் மனைவி. ஒரு பைக் உரசுவதுபோல இடப்பக்கம் கடந்து போகிறது. யாருக்கும் அடியில்லை. ஆனால், அந்த பைக் கண்ணாடியில் தெரியவே இல்லை.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் பதில் ஒரே வரியில் வருகிறது: ``மிரர் செட்டையே மாத்தணும் சார்.'' செலவு ஆயிரங்களில்.

பவர் மிரர் உள்ள கார் நிற்கும் எந்த வீட்டிலும் இந்தக் காட்சி நடக்கலாம். ஆனால், செட்டை மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. ஏனென்றால், பழுது தெரியும் இடம் வேறு. பழுது இருக்கும் இடம் வேறு.

கைக்கண்ணாடி முதல் மோட்டார் வரை

1909-ல் வெளியான தன் புத்தகத்தில், கார் ஓட்டும் பெண்கள் சின்னக் கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கலாம் என்று எழுதினார், பிரிட்டனின் கார் பந்தய வீராங்கனை டொரத்தி லெவிட். இரண்டே ஆண்டுகளில், 1911-ல் நடந்த முதல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் ரே ஹாரூன் தன் காரில் கண்ணாடி பொருத்திக்கொண்டு ஓட்டி, பந்தயத்தை ஜெயித்தார்.

நம் ஊரில் டிரைவர் உட்காருவது வலப்பக்கம். வலது மிரர் கைக்கு எட்டும். இடது மிரர் எட்டாது. இடப்பக்கக் கண்ணாடி இல்லாமலே இங்கே பல கார்கள் விற்பனையான காலமும் உண்டு. டூவீலர்கள் இரண்டு பக்கமும் புகுந்து வரும் இன்றைய சாலையில் அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. சீட்டை விட்டு எழாமல் அந்த இடது கண்ணாடியைத் திருப்பத்தான் மோட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது?

கண்ணாடிக்குப் பின்னால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. இரண்டு குட்டி மோட்டார்கள் இருக்கின்றன. ஒன்று கண்ணாடியை மேலும் கீழும் சாய்க்கும். மற்றொன்று இடம் வலமாகத் திருப்பும். பொம்மைக் காரில் இருக்குமே, கிட்டத்தட்ட அதே ரக மோட்டார். ஓடுவது 12 வோல்ட் கரன்ட்டில்.

`மேலே'வுக்கு ஒரு மோட்டார், `கீழே'வுக்கு இன்னொன்று என்று கிடையாது. ஒரே மோட்டார்தான். ப்ளஸ், மைனஸ் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இந்த இடமாற்றத்தைச் செய்வதுதான் ஸ்விட்சின் வேலை.

சாதாரண பவர் மிரர்களில் பெரும்பாலும் இந்த இரண்டு மோட்டார்களுக்கும் சேர்த்து மூன்றே ஒயர்கள். மேல்-கீழ் மோட்டாருக்கு ஒன்று, இட-வல மோட்டாருக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. மிரரை மடக்கும் வசதி இருந்தால் அதற்குத் தனி மோட்டார், தனி ஒயர்கள். இண்டிகேட்டர் விளக்குக்கும் அப்படியே.

இந்த மூன்று ஒயர் கணக்கு புரிந்துவிட்டால் பாதிப் பழுதை உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

கருவி இல்லாமல் நான்கு கேள்விகள்

நம் குடும்பம் இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடம், பேட்டையில் இருக்கும் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் சின்னக் கடை. அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. சாவியை `ஆன்' செய்யச் சொல்லிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த சிறுமியிடம் கேட்டார்: ``பாப்பா, முதல்ல வலது மிரரை அசைச்சுக் காட்டு!''

முதல் கேள்வி: இன்னொரு மிரர் வேலை செய்கிறதா? இரண்டுமே செத்துக் கிடந்தால், இரண்டு மோட்டார் செட்டும் ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு. இரண்டுக்கும் பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும். அதாவது ஃபியூஸ், ஸ்விட்ச், ஸ்விட்சுக்கு வரும் கரன்ட், எர்த். ஒன்று மட்டும் படுத்திருந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது என்று பொருள். அதோடு, எந்தப் பக்கத்து மிரர் என்று தேர்வு செய்யும் குமிழ் நடுவில் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் எந்த மிரரும் அசையாது. பழுதே இல்லாமல் கடை வரை வந்துவிட்டுத் திரும்பும் வண்டிகளும் உண்டு.

இரண்டாவது கேள்வி: எந்தத் திசை போகவில்லை? இட-வலம் வேலை செய்து மேல்-கீழ் மட்டும் போகவில்லை என்றால், பொது ஒயர் நன்றாக இருக்கிறது. அது இல்லாமல் இட-வலம் அசைந்திருக்காது. சந்தேகப் பட்டியலில் மிஞ்சுவது மேல்-கீழ் மோட்டார், அதன் தனி ஒயர், அந்த ஒயருக்குக் கரன்ட் தரும் ஸ்விட்சின் முனை. இந்த மூன்றுதான்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. `மேலே போகிறது, கீழே மட்டும் வரவில்லை' என்றால் மோட்டாரையும் ஒயரையும் அவசரப்பட்டுக் குற்றம் சொல்லக் கூடாது. இரண்டு திசைக்கும் மோட்டாரும் ஒயரும் அதே தான். அடுத்த பக்க மிரரும் அப்படியே அடம்பிடித்தால் ஸ்விட்சைப் பார்க்க வேண்டும். அடுத்த பக்கம் சரியாக இருந்தால், மிரருக்குள் ஏதோ தட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: சத்தம் கேட்கிறதா? இன்ஜினை ஓட்டாமல், மிரரின் அருகில் காதை வைத்துக் கேட்கச் சொல்லி, இன்னொருவர் ஸ்விட்சை அழுத்த வேண்டும். `கர்ர்ர்' என்று சத்தம் வந்து கண்ணாடி அசையாவிட்டால் மோட்டார் ஓடுகிறது, கரன்ட்டும் வருகிறது. பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம், அல்லது கண்ணாடி தன் பிடிப்பிலிருந்து கழன்றிருக்கலாம். அது எலெக்ட்ரிக்கல் வேலையே இல்லை. சத்தமே இல்லை என்றால்தான் கரன்ட்டைத் தேடிப் போக வேண்டும்.

நான்காவது கேள்வி: நின்றது திடீரென்றா, விட்டு விட்டா? டாக்டர் `எத்தனை நாளா காய்ச்சல்?' என்று கேட்பது மாதிரிதான் இதுவும். அந்தக் குடும்பத்தில் இதற்கு பதில் சொன்னது சிறுமிதான்: ``ரெண்டு வாரமாவே அப்படித்தான் அங்கிள். அப்பா கதவை டமால்னு சாத்தினா சில நேரம் வேலை செய்யும்.''

``எந்தக் கதவு பாப்பா?''

``அப்பா பக்கத்துக் கதவு.''

எலெக்ட்ரீஷியன் சிரித்தார். ``இடது மிரர் கெட்டதுக்கு வலது கதவுல என்ன வேலைன்னு பார்ப்போம்.''

ஒயர் போகும் பாதை

அந்த காரில் மிரர் ஸ்விட்ச் இருப்பது டிரைவர் பக்கக் கதவில். அங்கே கிளம்பும் ஒயர், வலது கதவின் கீல் பக்கமாக வண்டிக்குள் நுழைகிறது. டேஷ்போர்டுக்கு அடியில் குறுக்கே போகிறது. இடது கதவின் கீல் பக்கமாக மறுபடி வெளியே வந்து, அந்தக் கதவுக்குள் ஏறி மிரரை அடைகிறது. ஆக, இடது மிரரின் ஒயர் இரண்டு கீல்களைக் கடக்கிறது. வலது மிரரின் ஒயரோ அதே கதவுக்குள்ளேயே ஸ்விட்சிலிருந்து மிரருக்குப் போய்விடுகிறது. கீலைத் தாண்டும் வேலையே அதற்கு இல்லை. ஸ்விட்ச் டேஷ்போர்டில் இருக்கும் கார்களில் பாதை வேறு மாதிரி இருக்கும். அங்கே ஒவ்வொரு மிரருக்கும் அதன் பக்கத்துக் கீல் மட்டும்தான்.

கீல் ஏன் முக்கியம்? கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் ஒயர் அந்த இடத்தில்தான் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? முறியும். ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும் முழுசாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காரில் அதிகம் திறந்து மூடப்படுவதும் டிரைவர் பக்கக் கதவுதான்.

அதே ரப்பர் குழாய்க்குள்தான் பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், ஸ்பீக்கர் ஒயர்களும் போகின்றன. ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுவதும் கதவு லாக் சில நேரம் அடம்பிடிப்பதும்கூட இதே இடத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

மீட்டர் சொன்ன சாட்சி

ஊகத்தை நம்பி ஒயரை வெட்டிவிட முடியாது. அடுத்து மல்டிமீட்டர் வந்தது. டி.சி 20 வோல்ட் அளவில் வைத்தார்.

முதலில் இடது மிரர். கதவின் உட்புறம், மிரர் சேரும் இடத்தில் இருக்கும் முக்கோண பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, கனெக்டரைப் பிரித்தார். ஸ்விட்ச் பக்கமிருந்து வரும் பாதியில் மீட்டரை வைத்து, சிறுமியை `இடது' அழுத்தச் சொன்னார். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. `வலது' அழுத்தியதும் அதே எண், முன்னால் மைனஸ் குறியுடன். திசை மாறியதற்கு அதுதான் அடையாளம். அடுத்து `மேலே' அழுத்தச் சொன்னார். பூஜ்யம். `கீழே'வுக்கும் பூஜ்யம்.

அடுத்தது மிரர் பக்கத்துப் பாதி. மீட்டரிலேயே இருந்த சதுர வடிவ 9 வோல்ட் பேட்டரியை வெளியே எடுத்தார். இரண்டு துண்டு ஒயர் வைத்து, மேல்-கீழ் மோட்டாரின் முனைகளில் தொட்டார். `ஜிய்ய்...' என்று கண்ணாடி மெதுவாக மேலே சாய்ந்தது. பேட்டரியைத் திருப்பித் தொட்டார், கீழே வந்தது.

அந்த நொடியில் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. மிரரில் குற்றமில்லை. ஆயிரங்கள் கொடுத்துப் புதிய செட் போட்டிருந்தாலும் அதுவும் இப்படியேதான் நின்றிருக்கும்.

மிச்சம் ஸ்விட்சும் ஒயரும். பேட்டரியை மீட்டருக்குள் திரும்பப் போட்டு, ஸ்விட்சின் பின்புற முனையில் வைத்தார். `மேலே' அழுத்தியதும் 12 வோல்ட் வந்தது. ஸ்விட்சும் தப்பித்தது. இங்கே கிளம்புகிற கரன்ட் அங்கே போய்ச் சேரவில்லை. வழியில் அறுந்திருக்கிறது.

வலது கதவின் கீல் பக்கத்து ரப்பர் குழாயைப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வோர் ஒயராக இரண்டு விரலால் மெல்ல இழுத்தார். உள்ளே செம்பு இருக்கும் ஒயர் இழுபடாது. ஒன்று மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. உறை முழுசாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

மீட்டரும் ஏமாற்றும்!

இதில் அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். மீட்டருக்குத் தேவையான கரன்ட் மிக மிகக் குறைவு. மோட்டாரைச் சுற்ற அந்த ஓர் இழை போதாமல் போகலாம். `கரன்ட் வருதே, அப்போ மோட்டார்தான் போச்சு' என்று தப்பான முடிவுக்கு வருவது இப்படித்தான்.

அதனால், மீட்டர் 12 காட்டியும் மிரர் அசையாவிட்டால், கனெக்டரை மாட்டிய நிலையிலேயே, ஸ்விட்சை அழுத்திப் பிடித்தபடி இன்னொரு முறை அளக்க வேண்டும். 12 என்பது சட்டென்று சரிந்தால் வழியில் எங்கோ ஒயர் மெலிந்திருக்கிறது, அல்லது கனெக்டரில் களிம்பு ஏறியிருக்கிறது.

களிம்பு எனும் எதிரி

செம்புப் பாத்திரத்தில் பச்சையாகப் பிடிக்குமே, அதே களிம்புதான் கனெக்டர் முனைகளிலும் பிடிக்கிறது. மழை, கடற்கரையோர உப்புக்காற்று, கார் கழுவும்போது மிரர் இடுக்கில் பீய்ச்சும் அதிவேகத் தண்ணீர் எல்லாமே காரணம். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளத்தில் நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வடிந்ததும் கார் ஓடும். ஆனால், ஈரம் பட்ட கனெக்டரில் களிம்பு சத்தமில்லாமல் வளர்ந்து, மாதங்கள் கழித்துக்கூட வேலையைக் காட்டும். முனைகள் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி மாட்டினாலே பல நேரம் போதும்.

இரண்டு மிரரும் நின்றால்...

முதலில் ஃபியூஸ். காரின் கையேட்டிலும் ஃபியூஸ் பெட்டி மூடியிலும் எது மிரருக்கானது என்று இருக்கும். பல கார்களில் மிரருக்கும், போன் சார்ஜ் போடும் 12 வோல்ட் சாக்கெட்டுக்கும் ஃபியூஸ் ஒன்றே. மலிவான சார்ஜரோ, டயருக்குக் காற்றடிக்கும் பம்போ அந்த ஃபியூஸைக் காலி செய்தால் மிரரும் சேர்ந்து படுத்துவிடும். `நேத்து சாக்கெட்ல என்ன மாட்டினோம்?' என்று யோசித்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஃபியூஸின் நிறமே அதன் அளவைச் சொல்லும். 7.5 ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். எந்த அளவு போனதோ அதே அளவைத்தான் போட வேண்டும். சிவப்பு இல்லையென்று மஞ்சளைப் போடுவதும் சிகரெட் அட்டை ஃபாயிலைச் சுற்றுவதும் வேண்டவே வேண்டாம். அடுத்த முறை ஃபியூஸுக்கு பதில் ஒயர் எரியும். புது ஃபியூஸும் உடனே போனால், எங்கோ ஷார்ட் ஆகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஃபியூஸைப் போடக் கூடாது.

ஒட்டுப் போடுவதிலும் முறை உண்டு

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் சில வாரம் ஓடும். மறுபடி அதே இடத்தில் அறும். எலெக்ட்ரீஷியன் முதலில் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றினார். நைந்த பகுதியை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் நெகிழ்வான புது ஒயர்த் துண்டை இணைத்தார். இரண்டு இணைப்பும் கதவு மடங்கும் இடத்துக்கு வெளியே, கதவுக்குள் ஒன்றும் வண்டிக்குள் ஒன்றுமாக விழும்படி பார்த்துக்கொண்டார். சால்டர் செய்த இடம் விறைப்பாக இருக்கும். அது மடங்கினால் உடையும். மேலே ஹீட் ஷ்ரிங்க் ட்யூப். பக்கத்து ஒயர்களிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியாக, ரப்பர் குழாயை அதன் பள்ளத்தில் சரியாக உட்காரவைத்தார். அது சரியாக உட்காராவிட்டால் மழைநீர் உள்ளே போகும்.

வீட்டில் எதுவரை செய்யலாம்?

நான்கு கேள்விகளையும் ஃபியூஸ் சோதனையையும் யாரும் செய்யலாம். அதற்கு மேல் சில எச்சரிக்கைகள்.

* மஞ்சள் நிற கனெக்டர், மஞ்சள் உறை போட்ட ஒயர் என்றால் பெரும்பாலும் ஏர்பேக் தொடர்பானது. அதில் மீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கவே கூடாது.

* கேமரா, மெமரி, பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை உள்ள மிரர்களில், ஸ்விட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கன்ட்ரோல் யூனிட் இருக்கும். அங்கே 9 வோல்ட் பேட்டரி வித்தை வேண்டாம். ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

* வாரன்டி இருக்கும் வண்டியில் ஒயரை வெட்டினால் வாரன்டிக்குச் சிக்கல் வரலாம். முதலில் சர்வீஸ் சென்டரிடமே கேளுங்கள்.

* செட்டை மாற்றச் சொன்னால், ``மிரர் கனெக்டர்ல கரன்ட் வருதான்னு பார்த்தீங்களா?'' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பார்த்திருந்தால் பதில் உடனே வரும்.

செட்டை மாற்றச் சொல்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. ஒயரைத் தேட ஒரு மணி நேரம் ஆகலாம். செட்டை மாற்ற அவ்வளவு ஆகாது. தேடும் நேரத்துக்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளரும் தயாராக இருக்க வேண்டும். அந்தக் கடையில் உதிரிபாகம் என்று செலவானது ஒரு முழம் ஒயரும் இரண்டு துண்டு ட்யூபும்தான். மற்றதெல்லாம் தேடியதற்கான கூலி. அதை அப்பா பேரம் பேசாமல் கொடுத்தார்.

பேட்டரி இணைப்பை மாட்டியதும் சிறுமி ஸ்விட்சை அழுத்தினாள். இடது கண்ணாடி மெல்ல கீழே இறங்கியது. ``இருங்க சார், சரியா வெச்சுட்டுப் போங்க'' என்றார் எலெக்ட்ரீஷியன். அப்பாவை வழக்கம்போல உட்காரச் சொல்லி, தூரத்துச் சாலைவிளிம்பு கண்ணாடியின் நடுவில் வரும்படியும், சொந்த காரின் பக்கவாட்டு உள் ஓரத்தில் மெல்லிய கோடாக மட்டும் தெரியும்படியும் வைக்கச் சொன்னார்.

``இடது கண்ணாடியில தெரியுற வண்டி, தெரியுறதைவிடப் பக்கத்துல இருக்கும் சார். கண்ணாடி குவிஞ்சிருக்கறதால அப்படி. ஒதுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கழுத்தையும் திருப்பிப் பாருங்க.''

அப்பா கண்ணாடியைப் பார்த்தார். தண்ணீர் டேங்க் இல்லை. பேட்டைச் சாலை தெரிந்தது. அதில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை காத்திருந்து, பிறகு வண்டியை எடுத்தார்.